கைக்குள் அடங்கிய கப்பல்கள்

காயல்பட்டினத்தில் நமக்கு வேண்டிய ஒருவர் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது, கண்ணாடி அலமாரியொன்றில் ஒரு முழ நீளத் தோணி வைக்கப்பட்டிருக்கக் கண்டோம். வீட்டுக்காரரின் பாட்டனார் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணியின் நினைவாக, ஓய்ந்திருந்த காலத்தில் தம் கையாலேயே செதுக்கியதாம். அன்பு ததும்பும் பொருள்தான். ஆயினும் உற்று நோக்கியபோது, பாய்மரம் உடலுக்கு மிஞ்சி உயர்ந்திருந்தது. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்ததாகையால் உள்ளே வங்குக்கால்களும் இல்லை. "இதைப் பார்த்து இன்னொரு தோணி கட்ட முடியுமா?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "கட்டத் தெரிந்த ஓடாவியார் இருந்தால் இதைப் பார்க்க வேண்டியதே இல்லையே!" என்றார். அந்த விடை நம்மை நெடுநாள் விடவில்லை.

கப்பலின் மாதிரியை மரத்தில் செய்வது வெறும் விளையாட்டன்று என்பதை ஐரோப்பியர் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர். இங்கிலாந்தின் கப்பற் சிற்பி ஃபினியஸ் பெட் 1607ஆம் ஆண்டில் ஒரு மாதிரியைச் செய்து காட்டிய பின்னரே, 1610இல் 'பிரின்ஸ் ராயல்' என்னும் பெருங்கலம் நீரில் இறங்கியது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குச் செய்யப்பட்ட மாதிரிகள் வியப்புக்குரியவை. பெரும்பாலும் ஓரடிக்குக் கால் அங்குலம் என்ற விகிதம். மேற்புறம் முழுதும் பலகையிட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் பலகையிடாமல், வங்குக்கால்கள் வெளியே தெரியும்படி விட்டிருப்பர். கப்பலின் எலும்புக்கூட்டையே கையில் ஏந்திப் பார்க்கலாம். கடலறியாமல் கடற்படை அலுவலகத்தில் வந்தமர்ந்த சாமுவேல் பெப்பீசு, 1662இல் ஒரு கப்பல் அலுவலரை அழைத்து, மாதிரியொன்றை முன்வைத்துக்கொண்டு பாகம் பாகமாகப் பாடம் கேட்டார். பெருக்கல் வாய்ப்பாட்டைக்கூட அவரிடமேதான் கற்றார் என்பது வேறு செய்தி!

பின்னாளில் இக்கலை கப்பற்கூடத்தை விட்டு இல்லங்களுக்குள் புகுந்தது. லாங்ரிட்ஜ் என்பார் நெல்சனின் 'விக்டரி' கப்பலை மாதிரியாகக் கட்டி, அதைக் கட்டிய முறையை 1955இல் ஒரு பெருநூலாகவே எழுதிவிட்டார். பிரான்சின் ழான் புத்ரியோ 1973 முதல் 1977 வரை நான்கு தொகுதிகளில், எழுபத்துநான்கு பீரங்கிக் கப்பல் ஒன்றை ஆணி வரை பிரித்துக் காட்டினார். அமெரிக்காவில் 1948இல் இத்தகையோருக்கென ஒரு கழகமே தோன்றியது. இவர்களிடம் நாம் மெச்சும் குணம் ஒன்றுண்டு. பலகையை நீராவியில் எவ்வளவு நேரம் வைத்தால் ஒடியாமல் வளையும், பாய்க்கயிற்றை எத்தனை இழையில் முறுக்கினால் விகிதம் பிசகாது என்பன போன்ற நுட்பங்களை எவரும் மூடிவைப்பதில்லை. தவறிய இடத்தையும் மறைக்காது எழுதி, அடுத்தவர் அதில் தவறாதபடி செய்கின்றனர்.

நம் ஓடாவிகள் இப்படி எழுதிவைக்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை கூறோம். கண்ணளவும் முழக்கோலும் கொண்டே ஏராவை நாட்டி, பலகையை வளைத்து, கலப்பற்றிட்டு, கடலில் தள்ளியவர்கள் அவர்கள். தகப்பன் கட்ட மகன் பார்த்திருப்பான். அதுவே அவர்களுடைய ஏடு. மகன் வேறு தொழிலுக்குச் சென்ற நாளில் அந்த ஏடும் மூடிக்கொண்டது.

நல்வாய்ப்பாக, வேறொருவர் அதில் சில பக்கங்களைப் படியெடுத்து வைத்திருந்தார். அவர் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பிரான்சுவா எத்மோன் பாரி (1806–1893). இளமையில் மூன்று முறை உலகைச் சுற்றியவர். 'அஸ்த்ரோலாப்', 'ஃபவோரித்', 'அர்த்தெமீஸ்' ஆகிய கப்பல்களில் 1826 முதல் 1840 வரை சென்ற அப்பயணங்களில், நங்கூரமிட்ட துறைதோறும் அந்நாட்டார் படகுகளை அளந்து வரைவதே அவர் வேலை. பிற அலுவலர்கள் கரைக்கு ஏகி விருந்துண்டிருக்க, இவர் மீனவர் படகுக்குள் அளவுநூலோடு குனிந்திருப்பார் போலும். இயந்திரப் பற்சக்கரத்தில் சிக்கி இடக்கையை இழந்தார். அதன் பின்னும் வரைவதை நிறுத்தவில்லை. ஐரோப்பியர் அல்லாத மக்களின் கப்பல் கட்டும் முறை பற்றிய அவர் நூல் 1841இல் வெளிவரலாயிற்று. அரபு வணிகரின் பக்லா முதல் நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரம், தோணி, சலங்கு வரை அதில் அளவோடு இடம்பெற்றன. 1871இல் பாரிசு லூவர் மாளிகையிலிருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரானார். இறக்கும் வரை அப்பதவியில் இருந்து, தம் படங்களைக் கொண்டு மாதிரிகளைச் செய்வித்தார். கப்பல் வரைபடங்களை 1882 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டும் பரப்பினார். இன்றும் மாதிரி கட்டுவோர் அவற்றை விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்கின்றனர்.

சலங்கைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். துறைமுகம் அமையாத காலத்துச் சென்னையில், தொலைவில் நின்ற கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது இதுவே. இதில் ஆணி இல்லை, வங்குக்காலும் இல்லை. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, பொருத்துவாயில் நார் திணித்து, கயிற்றால் தைத்திருப்பர். அலை தூக்கி மணலில் அறையும்போது, ஆணியடித்த ஐரோப்பியப் படகு பிளந்துபோகும். தைத்த சலங்கோ நெளிந்து கொடுத்துத் தப்பும்.

இத்தையல் முறை நம் கரைக்கு மட்டும் உரியதன்று. 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், செங்கடலில் ஐதாபுத் துறையில் தென்னை நார்க் கயிற்றால் தைத்த மரக்கலங்களைக் கண்டு எழுதியுள்ளார். மாலத்தீவின் கயிறு இந்தியாவிலும் யமனிலும் கப்பல் தைக்கப் பயன்பட்டதை இப்னு பதூதாவும் குறித்தார். ஆனால் இவ்விருவர் எழுத்தைக் கொண்டு ஒரு கலத்தைக் கட்டிவிட இயலாது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே, சீனப் பீங்கான் நிறைந்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தைத்த கப்பலொன்று கடலடியில் கிடைத்தது. அதையொட்டி ஓமானில் 'ஜுவல் ஆஃப் மஸ்கத்' என்னும் கலத்தைக் கட்ட முனைந்தபோது, எஞ்சிய பலகைகளை அளந்து வரைபடமும் சிறு மாதிரிகளும் செய்து பார்த்தே உடலின் வளைவைத் துணிந்தனர். ஏறத்தாழ 18 மீட்டர் நீளமான அக்கலம் 2010இல் மஸ்கத்திலிருந்து சிங்கப்பூர் வரை பாய் விரித்தே சென்றது.

கீழக்கரையிலோ காயலிலோ நாகூரிலோ, மணலில் கிடக்கும் பழைய தோணியின் உடல் எதுவும் கண்ணில் பட்டால், நேயர்கள் அதை விறகுக்குப் போகுமுன் அளந்துவிட வேண்டுகிறோம். வேலை கடினமன்று. விளிம்புக்கு விளிம்பு குறுக்கே ஒரு நேர்க்கோலை வைத்து, சாணுக்கொருமுறை அதிலிருந்து தூக்குநூல் விட்டு, பலகை வரை உள்ள ஆழத்தைக் குறித்துக்கொள்ளலாம். அணியம் தொடங்கி அமரம் வரை இரண்டு முழத்துக்கு ஓரிடமாக இப்படிச் செய்தால், வளைவு தானே தாளில் வந்து நிற்கும். ஏராவின் நீளமும் பலகையின் கனமும் தனியே வேண்டும். முழக்கணக்கில் எழுதினாலும் தாழ்வில்லை. அந்த முழம் எத்தனை அங்குலம் என்பதை மட்டும் ஓரத்தில் குறித்துவிடுக.