எம்டி என்றால் மெட்ராஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் அச்சடித்த விசிட்டிங் கார்டு ஏதாவது வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். மயிலாப்பூர் ஆடிட்டரோ, தி.நகர் ஜவுளிக்காரரோ, ஈமெயில் முகவரியில் ‘ஜிஐஏஎஸ்எம்டி01’ என்றோ ‘எம்டி2’, ‘எம்டி3’ என்றோ இருக்கும். பின்னாலேயே வி.எஸ்.என்.எல். அந்த ‘எம்டி’ மெட்ராஸ். 1996-ல் ஊர் சென்னை ஆன பிறகும் கம்ப்யூட்டர் மட்டும் மெட்ராஸாகவே இருந்தது.

எனக்கு சுவாரஸ்யம் அந்த எண்ணில்தான். உங்கள் கணக்கு எந்த சர்வரில் இருக்கிறது என்பதை முகவரியே சொல்லிவிடும்.

வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. படத்தோடு பார்க்க டிசிபி/ஐபி கணக்கு, 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஷெல் கணக்கு, வெறும் எழுத்து மட்டும். மெயிலுக்கு பைன், வெப்புக்கு லிங்க்ஸ். ஷெல்லில் வீட்டு பிசி என்பது சும்மா ஒரு திரையும் கீபோர்டும்தான். டவுன்லோடு பண்ணின ஃபைல் முதலில் விழுவது வி.எஸ்.என்.எல். மெஷினில் இருக்கிற உங்கள் ஹோம் டைரக்டரியில். அங்கேயிருந்து இசட்மோடம் வழியா இன்னொரு தடவை வீட்டுக்கு இழுக்கணும். போன் மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும்.

ஒரு மெஷினில் பல பேர், ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பூட்டு என்பதற்காகவே அமைந்தது யூனிக்ஸ். நம்ம ஊரில் அது ரேஷன் கார்டு மாதிரி குடும்பத்துக்கு ஒண்ணு ஆச்சு. ஒரே பாஸ்வேர்டு என்றால், அமெரிக்காவிலிருந்து அண்ணன் தங்கைக்கு எழுதியதை அப்பா முதலில் படித்துவிடலாம்.

எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் அவரவர் ஹோம் டைரக்டரி திறக்க வேண்டும் என்பதற்கு வழி அப்போதே இருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-ல் உருவாக்கிய என்எஃப்எஸ். பயனர் பட்டியலைப் பகிர அவர்கள் வைத்த பெயர் ‘யெல்லோ பேஜஸ்’; அது பிரிட்டிஷ் டெலிகாமின் டிரேட்மார்க் என்பதால் என்ஐஎஸ் என்று மாற்றினார்கள்.

இன்றைக்கு வீட்டில் ரெண்டு லினக்ஸ் கம்ப்யூட்டரை இதே என்எஃப்எஸ்ஸால் இணைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வழக்கமான அமைப்பில் ஃபைலின் சொந்தக்காரரை அது பெயரால் அறியாது, எண்ணால்தான் அறியும். உபுண்டுவில் முதல் பயனருக்கு எண் 1000. ஹால் கம்ப்யூட்டரில் அப்பா 1000. மகள் லேப்டாப்பில் மகள் 1000. பகிர்ந்ததும் அப்பாவின் ஃபைல்களுக்கெல்லாம் மகள்தான் சொந்தக்காரி. அதனால் இணைக்கும் முன்பு ரெண்டு மெஷினிலும் ‘ஐடி’ என்ற கட்டளையைக் கொடுத்து, ஆளுக்கொரு எண், எல்லா மெஷினிலும் அதே எண் என்று சரிபண்ணிக்கொள்ளுங்கள்.