பயிலும் ஆசிரியர்: தொடக்கப் பள்ளி வகுப்பறை முன்னனுபவத்தின் வரலாறு

இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்பும் இளைஞர், பயிற்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன்பே அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரை அணுகி, சில நாள்களோ சில வாரங்களோ ஊதியமின்றி வகுப்பறையில் உதவியாளராக இருக்க அனுமதி கேட்பது கடந்த சில பத்தாண்டுகளில் வேரூன்றிவிட்ட வழக்கமாகும். அவர் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பார், வண்ணத் தாள்களை வெட்டித் தருவார், பின்தங்கிய ஒரு குழுவோடு அமர்ந்து கணக்குச் சொல்லித் தருவார். அந்த அனுபவத்தை விண்ணப்பத்தில் எழுதி, நேர்காணலில் அதைப் பற்றிப் பேசுவார். பார்வைக்குப் புதிதாகத் தோன்றும் இவ்வழக்கத்தின் பின்னே இரு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. கற்பிக்கும் கலையைக் கற்பித்துத்தான் பழக முடியும் என்பதும், அப்படிப் பழகுவதற்கு உண்மையான பிள்ளைகள் நிறைந்த உண்மையான வகுப்பு தேவை என்பதும் எக்காலத்தும் மறுக்கப்படாதவை. அந்தப் பழக்கத்துக்கான விலையை யார் கொடுப்பது என்பதில்தான் காலந்தோறும் விடை மாறியது. அவ்விடைகளுள் முதலாவது சென்னையில் உருவானது என்பதால், இவ்வரலாறு தமிழ் வாசகருக்கு அயலானதன்று.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் ஒருவரே இருப்பார். அவரைச் சில ஊர்களில் அண்ணாவி என்றும் வேறு சில ஊர்களில் வாத்தியார் அல்லது கணக்காயர் என்றும் அழைத்தனர். வெவ்வேறு வயதும் வெவ்வேறு நிலையும் கொண்ட பிள்ளைகள் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்க, புதிதாகச் சேர்ந்தவன் மணலில் விரலால் எழுத்தைத் தடவிப் பழகுவான். தேர்ந்தவன் பனையோலையில் எழுத்தாணியால் எழுதுவான். எண்சுவடி வாய்ப்பாட்டை ஒருவன் உரக்கச் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்வர். இந்தப் பல்வகை வேலையை ஒருவரால் நடத்த முடிந்ததற்குக் காரணம் சட்டாம்பிள்ளை, அதாவது ஆசிரியருக்குப் பதிலாக இளையவர்களுக்குப் பாடம் சொல்லி ஒழுங்கையும் காத்த மூத்த மாணவன். அவனுக்குச் சம்பளம் இல்லை. ஆசிரியருக்கே தானியமும் பண்டிகைக்கால அன்பளிப்புமாகத்தான் வருமானம் கிடைத்தது. இளையவனுக்கு அரிச்சுவடி சொல்லித் தருவதால் தன் பாடமும் உறுதிப்பட்டது என்பதே சட்டாம்பிள்ளை பெற்ற ஊதியமாகும். அடுத்த தலைமுறை அண்ணாவிகளுக்கும் இதைத் தவிர வேறு பயிற்சிக்கூடம் இருக்கவில்லை.

இம்முறையை ஐரோப்பியர் முன்பே கண்டிருந்தனர். இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே 1623-இல் கன்னட நாட்டில், சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் எழுதி, ஆசிரியர் அருகில் இல்லாமலே இசையோடு சொல்லித் தமக்குள் கணக்குப் பயின்றதை வியந்து பதிந்துள்ளார். ஆனால் கண்டதை எடுத்து வேறொரு நாட்டின் கல்வி முறையாக மாற்றியவர், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் முடிதிருத்துபவர் ஒருவரின் மகனாக 1753-இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குரு. 1787-இல் இந்தியாவுக்கு வந்த அவர், 1789-இல் எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட விடுதிப் பள்ளியின் கண்காணிப்பாளரானார். படைப்பிரிவுகளின் குருப் பதவிகளிலிருந்து வருமானம் பெற்றுவந்தமையால், இப்பொறுப்புக்கான சம்பளத்தை ஏற்கவில்லை. அங்கிருந்த உதவி ஆசிரியர்களின் வேலை அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஒருநாள் உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அவ்வாறே எழுத்துக் கற்பிக்குமாறு பணித்தபோது அவ்வுதவியாளர்கள் இணங்கவில்லை. பெல் அவர்களோடு வாதிடாமல், படைவீரர் ஒருவரின் மகனான ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் அதைச் செவ்வனே நடத்திக் காட்டினான். படிப்படியாகப் பள்ளி முழுவதும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இடமாயிற்று.

1796-இல் சென்னையை விட்டுச் சென்ற பெல், மறு ஆண்டு லண்டனில் தம் எழும்பூர்ச் சோதனையைப் பற்றிய சிறு நூலொன்றை வெளியிட்டார். 1798-இல் லண்டனின் ஆல்ட்கேட் பகுதியிலிருந்த ஒரு பங்குப் பள்ளி அம்முறையை ஏற்றது. மணலில் எழுதுவதை உள்ளூர்ப் பிள்ளைகளிடம் கண்டதாகச் சொன்ன பெல், மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிப்பதைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே முன்வைத்தார். அவருடைய சமகாலத்தவரே இதை அப்படியே ஏற்கவில்லை: கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1814-இல் வங்காளத்துக்கு அனுப்பிய ஆணையில், இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கிவந்த கற்பித்தல் முறையே பெல் வழியாக இங்கிலாந்துக்குச் சென்றது என்று குறிப்பிட்டனர், பெல்லாரி ஆட்சியர் காம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கையும், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் உள்ளூர் ஏற்பாட்டைப் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தக்கதே என்றது. சட்டாம்பிள்ளைக்கு உரிய இடத்தை அளிக்காத எந்தக் கல்வி வரலாறும் குறையுடையதே.

அதே வேளையில் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக எண்ணுவதும் பொருந்தாது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களுள் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. கற்பவனே கற்பிக்கும் வாய்ப்பும், ஆகையால், திண்ணையில் ஏற முடிந்தவனுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

இங்கிலாந்தில் இம்முறை பரவிய வேகத்துக்குக் கற்பித்தல் நலனைவிடச் சிக்கனமே பெரிய காரணம். ஜோசஃப் லான்காஸ்டர் என்ற குவேக்கர் சமயத்தவர், தென் லண்டனில் தனியே இதையொத்த முறையொன்றை வளர்த்து, ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளைக்கூட நடத்தலாம் என்று பரப்பினார். திருச்சபை சார்ந்தோர் பெல்லை முன்னிறுத்தி 1811-இல் தேசியச் சங்கத்தை நிறுவ, லான்காஸ்டரின் ஆதரவாளர் அமைப்பு 1814-இல் பிரிட்டிஷ் மற்றும் அந்நியப் பள்ளிச் சங்கம் என்ற பெயரை ஏற்றது. இரு தரப்பினரின் பள்ளிகளிலும் பத்து வயதுச் சிறுவர்கள் தாம் காலையில் கேட்டதை, பொருள் விளங்காமலே, வரிசை வரிசையாக நின்ற இளையவர்களிடம் ஒப்பித்தனர். ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்தறிவு மலிவாகக் கிடைத்தது. அந்த மலிவின் சுமை குழந்தைகளின் தலையில்தான் விழுந்தது. பெல் 1832-இல் மறைந்தபோது விட்டுச்சென்ற பெருஞ்செல்வத்தில் ஒரு பகுதியைக் கொண்டு செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது.

குழந்தை கற்பிப்பதன் வரம்பை உணர்ந்து, அதே நேரத்தில் வகுப்பறையிலேயே ஆசிரியரை உருவாக்கும் கருத்தைக் கைவிடாதவர் ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த். மருத்துவராகவும் ஏழையர் சட்ட அதிகாரியாகவும் பணியாற்றிய அவர், 1839-இல் அமைக்கப்பட்ட அரசுக் கல்விக் குழுவின் செயலாளரானார். ஹாலந்துப் பள்ளிகளில் கண்ட மாதிரியைத் தழுவி 1846-இல் அவர் வகுத்த விதிகள் மாணவ ஆசிரியர் என்னும் நிலையை உருவாக்கின. பதின்மூன்று வயது நிரம்பிய சிறுவனோ சிறுமியோ, தச்சரிடமோ கொல்லரிடமோ தொழில் பழகச் சேர்வதுபோல, தலைமையாசிரியரிடம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேரலாம். பகல் முழுதும் வகுப்பு நடத்த வேண்டும். பள்ளி நேரத்துக்கு முன்போ பின்போ நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தலைமையாசிரியரிடம் பாடம் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் அரசு ஆய்வாளரின் தேர்வில் தேற வேண்டும். முதலாண்டில் 10 பவுண்டாகத் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 20 பவுண்டாக உயரும் உதவித்தொகையை அரசே கொடுத்தது. மாணவ ஆசிரியரைப் பயிற்றும் தலைமையாசிரியருக்கும் ஒருவருக்கு 5 பவுண்டு, இருவருக்கு 9 பவுண்டு எனத் தனித்தொகை கிடைத்தது. ஐந்தாண்டு முடிவில் அரசியார் உதவித்தொகைக்கான போட்டித் தேர்வில் வென்றவர் பயிற்சிக் கல்லூரிக்குச் செல்லலாம்.

இவ்விதிகளில் இன்று வாசிப்போரின் கவனத்தை ஈர்க்க வேண்டிய கூறு, பழகுபவருக்கும் பழக்குபவருக்கும் பொதுப்பணத்திலிருந்து ஊதியம் தரப்பட்டமைதான். தொடக்க நிலை வகுப்பறை அனுபவம் என்பது நாட்டுக்குத் தேவையான உழைப்பு, அதற்கு விலை உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது. ஒழுக்கச் சான்றும் இதனோடு சேர்ந்தே வந்தது: விண்ணப்பிப்பவரின் குடும்பம் நன்னடத்தை உடையதென்று பள்ளிப் பொறுப்பாளர்கள் உறுதியளிக்க வேண்டும், வீட்டுச் சூழல் தகாதது எனின் பிள்ளை வேறு இல்லத்தில் தங்க வேண்டும், நன்னடத்தைச் சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. பதினான்கு வயதுப் பெண் நாற்பது பிள்ளைகளை ஒரே கூடத்தின் மூலையில் அடக்கி வைத்து, மாலையில் களைத்த உடலோடு இலக்கணமும் புவியியலும் படித்தாள். தலைமையாசிரியரின் கவனம் குறைந்த பள்ளிகளில் அவளுடைய கல்வியே நின்றுபோயிற்று. எனினும் பதின்மூன்று வயதுக்கு மேல் படிக்க வேறு வழியற்ற உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளுக்கு, ஊதியத்தோடு படிக்கத் திறந்திருந்த மிகச் சில வாயில்களுள் இது ஒன்று. சுரங்கத் தொழிலாளியின் மகனான டி. எச். லாரன்ஸ், இம்முறையின் கடைசிக் காலத்தில் ஈஸ்ட்வுட்டில் மாணவ ஆசிரியராக இருந்தே நாட்டிங்காம் பல்கலைக்கழகக் கல்லூரியை அடைந்தார்.

1862-ஆம் ஆண்டின் திருத்த விதித்தொகுப்பு, தேர்வு முடிவுகளுக்கேற்பப் பள்ளிகளுக்கு மானியம் என்ற கொள்கையைக் கொண்டுவந்ததோடு, மாணவ ஆசிரியருக்கு அரசு நேரடியாகக் கொடுத்த தொகையையும் நிறுத்தியது. ஊதியத்தைப் பள்ளி நிர்வாகத்தோடு பேரம் பேசியே பெற வேண்டியதாயிற்று. எண்ணிக்கையும் விரைவில் சரிந்தது. 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் புதிய பள்ளிகளைப் பெருக்கியபோது அது மீண்டும் உயர்ந்தது. லிவர்பூல், லண்டன் போன்ற நகரங்களின் பள்ளி வாரியங்கள், மாணவ ஆசிரியர்களை ஒன்றுகூட்டிக் கற்பிக்கும் நடுவங்களைத் தொடங்கின. 1888-இல் அறிக்கை அளித்த கிராஸ் ஆணையத்தின் சிறுபான்மை உறுப்பினர்கள், கல்வி அமைப்பிலேயே மிகவும் வலுவற்ற பகுதி இதுதான் என்று கடிந்தனர். 1907-இல் வந்த மாற்றுத் திட்டத்தின்படி, ஆசிரியராக விரும்பும் பிள்ளை பதினேழு பதினெட்டு வயது வரை உயர்நிலைப் பள்ளியிலேயே படித்து, அதன்பின் ஓராண்டு மட்டும் பழகு ஆசிரியராக இருக்கலாம்.

வகுப்பறைக் குழந்தைகளின் நோக்கில் இது நல்ல மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பதின்மூன்று வயதில் ஊதியம் கொண்டுவந்த பிள்ளையை, சிறு உதவித்தொகையை மட்டும் நம்பி மேலும் நான்கைந்து ஆண்டுகள் படிக்கவைக்க எல்லா வீடுகளாலும் இயலவில்லை. பயிற்சி மேம்பட மேம்பட, அதில் நுழைவதற்கான செலவு அரசிடமிருந்து குடும்பத்துக்கு நகர்ந்தது. இந்த நகர்வைக் கல்வி வரலாற்று நூல்கள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை.

பயிற்சிக் கல்லூரிகளில் அனுபவம் வேறு வடிவம் பெற்றது. கல்லூரியோடு இணைந்த மாதிரிப் பள்ளியில் மாணவர் ஒருவர் பாடம் நடத்த, உடன்பயில்வோரும் விரிவுரையாளரும் பின்வரிசையில் அமர்ந்து குறையும் நிறையும் குறித்துக்கொண்டு பிறகு விவாதிக்கும் விமரிசனப் பாடம் எங்கும் வழக்கமாயிற்று. 1856-இல் சென்னையில் தொடங்கி, பின்னர் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற அரசு ஆசிரியர் பயிற்சி நிறுவனமும் அந்த மரபின் கிளையே. பாடக்குறிப்பு எழுதி ஒப்புதல் பெற்று வகுப்பெடுக்கும் முறையைத் தமிழகத்தின் பல தலைமுறை ஆசிரியர்கள் இம்மரபின் வழியாகவே அறிந்தனர். மணலெழுத்தும் சட்டாம்பிள்ளையும் தோன்றிய மண்ணுக்கு ஆசிரியப் பயிற்சி ஆங்கிலப் பாடத்திட்டமாகத் திரும்பி வந்தது.

பயிற்சி பெறாதவர் வகுப்பறையில் இருப்பதையே தொழிலுக்கு இழுக்காகக் கருதிய ஆசிரியர் சங்கங்கள், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கதவை இறுக்கி மூடியிருந்தன. குழந்தைகள் ஆசிரியராகப் பயன்படுத்தப்பட்ட காலத்தை நினைத்தால் அந்த அச்சம் நியாயமானதே. அதைத் தளர்த்தியதில் 1967-இல் வெளிவந்த பிளவுடன் அறிக்கைக்குப் பெரும் பங்குண்டு. இங்கிலாந்தின் தொடக்கக் கல்வியை ஆராய்ந்த அக்குழு, பெற்றோர் பள்ளிக்குள் வரவேற்கப்பட வேண்டும் என்றும், ஆசிரியருக்குத் துணையாகப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அடுத்த பத்தாண்டுகளில் பிள்ளைகளின் தாய்மார் வாசிப்பைக் கேட்கவும் தையல், சமையல் பாடங்களில் உதவவும் வகுப்புக்குள் வந்தனர். அவர்களுள் பலர் பின்னர் உதவியாளராகவும் சிலர் ஆசிரியராகவும் ஆயினர். தொண்டராக வகுப்பறைக்குள் நுழையும் வழி இவ்வாறு தாய்மாரால்தான் திறக்கப்பட்டது.

பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பயிற்சி பெருகியபோது, இத்தகைய தொண்டு நுழைவுத் தகுதியைப் போல மாறியது. தொடக்கப் பள்ளிப் பயிற்சிக்கு விண்ணப்பிப்போர் இரண்டு வாரமாவது பள்ளியில் இருந்திருக்க வேண்டும் எனப் பல பல்கலைக்கழகங்கள் எதிர்பார்த்தன. எதிர்பார்ப்பில் காரணமுண்டு: முப்பது குழந்தைகளின் நடுவே ஒரு நாள் முழுவதும் நின்று பார்த்தவர், தமக்கு இவ்வேலை பொருந்துமா என்பதைப் படிப்புக் கட்டணம் செலுத்துமுன் அறிவார். பழைய ஒழுக்கச் சான்றின் இடத்தை, 2002-இல் தொடங்கிய குற்றப் பதிவு ஆய்வகமும் 2012 முதல் அதன் வழித்தோன்றலான வெளிப்படுத்தல் மற்றும் தடைச் சேவையும் வழங்கும் சான்று பிடித்தது. அதே 2002-இல் சோஹம் என்ற ஊரில் பள்ளிப் பராமரிப்பாளர் ஒருவர் இரு சிறுமியரைக் கொன்ற கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட விசாரணை, பள்ளிக்குள் வரும் எவரையும் சரிபார்க்கும் விதிகளை மேலும் இறுக்கியது. அந்த இறுக்கம் தேவையானதே.

ஆயினும் இரண்டு வாரம் ஊதியமின்றி நிற்க எல்லாராலும் முடியாது. கடையிலோ அலுவலகத்திலோ வார ஊதியத்துக்கு வேலை செய்பவர், விடுப்பு எடுத்து, பேருந்துச் செலவையும் தாமே ஏற்றுப் பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஆசிரியரைத் தெரிந்த குடும்பத்தாருக்குக் கதவு எளிதில் திறந்தது, பிறர் மறுமொழி வராத கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தனர். ஆசிரியர் பற்றாக்குறை கடுமையானபோது, முன்னனுபவம் இல்லாமையை மட்டும் காரணமாக்கி எவரையும் ஒதுக்கக் கூடாது என்று அரசின் கல்வித் துறை பயிற்சி நிறுவனங்களுக்கு வழிகாட்டியது. வாய்ப்புத் தரும் பள்ளிகளைத் தேடிக் கண்டறிய இணையச் சேவை ஒன்றையும் ஏற்படுத்தியது. வழிகாட்டுதல் வந்த பின்னும், வகுப்பறையைக் கண்டு வந்தவர் நேர்காணலில் இயல்பாகவே முன்நிற்கிறார். அவ்வாறு கண்டு வர அவர் செலவிடும் நாள்களுக்கு, 1846-இல் பதின்மூன்று வயது மாணவ ஆசிரியருக்குக் கிடைத்த உதவித்தொகையைப் போன்ற எதுவும் கிடைப்பதில்லை.