எல்லைச் சாலை – 17: நாடிழந்தவர் போட்ட வரைபடம்

பாரமகால் பகுதி 1792-இல் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். 1799-இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூரும் அவர்கள் கைக்கு வந்து சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. அன்று கிழிக்கப்பட்ட கோடுதான் இன்றும் ஜூஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே ஓடுகிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் கண்ணயர்ந்தபடி கடக்கிறவர்களுக்கு அது வெறும் டோல்கேட். 1930-களிலோ இந்தப் பக்கம் பிரிட்டிஷாரின் சென்னை மாகாணம், அந்தப் பக்கம் மைசூர் மகாராஜாவின் சமஸ்தானம். ஹிட்லரின் ஜெர்மனி துரத்திவிட்ட யூதர்கள் சிலருக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது.

முதலில் திறந்தவர் ஒரு தமிழர். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன், 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அதே ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனியில் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ் போர்னுக்கும் வேலை போயிற்று. குவாண்டம் இயற்பியலை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர் அவர். நோபல் பரிசு பின்னால் 1954-இல்தான் வந்தது. ராமன் அழைக்க, 1935-இல் மனைவி ஹெடியோடு பெங்களூர் வந்தார். அவரை நிரந்தரப் பேராசிரியராக்கிவிட வேண்டும் என்று ராமன் துடித்தார்.

அதற்காகக் கூடிய கூட்டத்தில் நடந்ததைப் போர்ன் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ராமன் அவரை வாயாரப் புகழ்ந்து முடித்ததும், ஆஸ்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்தார். சொந்த நாடே வெளியே தள்ளிய இரண்டாந்தர அந்நியர் நமக்கு எதற்கு என்கிற பொருளில், போர்னை வைத்துக்கொண்டே பேசினார். வீடு திரும்பிய போர்ன் மனைவியிடம் அழுதுவிட்டார். பேசியவரும் இந்த மண்ணுக்கு அந்நியர்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆள்கிற இனத்தில் பிறந்தவருக்கு இங்கே அதிகாரம் இருந்தது. நாடிழந்து வந்தவருக்குத் தகுதி மட்டும்தான் இருந்தது. 1936-இல் போர்ன் எடின்பரோவுக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு ராமனும் இயக்குநர் பதவியை விட்டு விலக நேர்ந்தது.

போர்ன் போனாலும் அவர் சகோதரி மகன் வந்தார். பெயர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். 1908-இல் பெர்லினில் பிறந்த கட்டடக் கலைஞர். 1933-இல் ஷிங்கெல் பரிசு என்ற பெரிய விருதை வாங்கினார். அதே ஆண்டில் வேலையை இழந்தார். எகிப்துக்குப் போய், நெஃபர்டிட்டி சிலையைக் கண்டெடுத்த லுட்விக் போர்கார்ட்டிடம் பழங்காலக் கட்டடங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். தாய்மாமனுக்கு மைசூர் திவான் சர் மிர்சா இஸ்மாயிலைத் தெரியும். அந்தத் தொடர்பில் 1939-இல் கோனிக்ஸ்பெர்கர் மைசூர் அரசின் கட்டடக் கலைஞராகப் பெங்களூரில் இறங்கினார்.

அவர் கையால் எழுந்தவற்றில் சில இன்றும் நிற்கின்றன. அறிவியல் கழக வளாகத்துக்குள் போனால் விமானவியல் துறையும் உணவுக்கூடமும் அவர் பெயர் சொல்லும். எந்தப் பக்கம் வெயில் விழும், காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும் என்று முதலில் பார்ப்பார். அதன்பிறகுதான் சுவருக்குக் கோடு போடுவார். சன்ஷேடு எத்தனை நீளம் இழுக்க வேண்டும் என்பதைச் சூரியனின் கோணத்தை வைத்துக் கணக்கிடுவார். பின்னாளில் அவர் மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய வெப்பநாட்டுக் கட்டடக் கையேட்டை நம் ஊர்க் கட்டடக் கலை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். எழுதியவர் ஏன் இந்தியாவுக்கு வந்தார் என்பது பாடத்தில் இல்லை.

ஓசூருக்கும் இதற்கும் என்ன என்று கேட்கலாம். 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை பெங்களூரில் தொடங்கியது. அதற்கு ஆள் தயார் செய்ய 1942-இல் அறிவியல் கழகத்தில் விமானவியல் துறை பிறந்தது. பிறகு ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பெல் என்று வரிசையாகப் பொதுத்துறை ஆலைகள் எழுந்தன. அங்கே ஊறிய கைத்திறனை நம்பித்தான் 1970-களில் எல்லைக்கு இந்தப் பக்கம் சிப்காட் போடப்பட்டது. லேலண்டும் டைட்டனும் வந்தன. இந்தத் தொழில் வரலாற்றின் தொடக்கப் பக்கத்தில் ஓர் அகதியின் வரைபடமும் இருக்கிறது.

ஆனாலும் இதை மைசூரின் கருணை என்று மட்டும் எழுதிவிட முடியாது. நவீன சமஸ்தானம் கட்ட ஆள் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வர விரும்பிய யூதர், தன்னால் அரசுக்குச் செலவு வராது என்பதற்கு வேலையையோ ஜாமீனையோ காட்ட வேண்டியிருந்தது. பம்பாயில் 1934-இல் தொடங்கிய யூத நிவாரணச் சங்கம் பலருக்காக அந்தப் பொறுப்பை ஏற்றது. நோபல் பரிசு பெறப்போகிறவருக்கும் ஷிங்கெல் பரிசு பெற்றவருக்கும் அழைப்பு வரும். பெர்லினின் ஒரு சாதாரணத் தையற்காரருக்கு யார் அனுப்புவார்? உள்ளே வர முடிந்தவர்கள் ஓரிரு ஆயிரம் பேர்தான். ஐரோப்பாவில் கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 60 லட்சம்.

வந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும், ஜெர்மானியர் என்ற கணக்கில் யூத அகதிகளையும் பிடித்து அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். தங்களைத் துரத்திய நாஜிகளோடு ஒரே வேலிக்குள். விசாரணைக் குழு ஒன்று பார்த்துப் பார்த்துப் பலரை விடுவித்தது.

கோனிக்ஸ்பெர்கரின் வாழ்வில் அடுத்து வந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். ஜாம்ஷெட்பூருக்குத் திட்டம் போட்டார், 1948-இல் புவனேஸ்வருக்கும் போட்டார். அந்த ஆண்டே நேரு அரசு அவரை வீட்டு வசதி இயக்குநராக்கியது. பிரிவினை லட்சக்கணக்கானவர்களை வேரோடு பிடுங்கி எறிந்திருந்த நேரம். ஃபரீதாபாத், காந்திதாம் போன்ற அகதி நகரங்களின் திட்டத்தில், வீடிழந்த அந்த மனிதரின் பங்கு இருந்தது. டெல்லியில் ஆலையிலேயே வீட்டுப் பாகங்களைச் செய்யும் திட்டம் தோற்றது. பழி அவர்மீது விழுந்தது. 1951-இல் லண்டன் போய்விட்டார். 1999-இல் அங்கேயே காலமானார்.

இதையெல்லாம் நாம் எங்கே நினைவில் வைத்திருக்கிறோம்? பெங்களூர், சென்னை நடைபாதைப் புத்தகக் கடைகளில், தன்னம்பிக்கை நூல்களுக்குப் பக்கத்தில், ஹிட்லரின் சுயசரிதை இன்றும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரனை எதிர்த்தவன் என்ற ஒரே காரணத்துக்காக அவனை வீரனாகப் பார்த்த தலைமுறையின் மிச்சம் அது. பிரிட்டிஷ் ஆட்சியின் கொடுமையை அனுபவித்தவர்கள் அப்படி நினைத்ததற்குக் காரணம் புரிகிறது. இத்தனை சாட்சியங்கள் வந்தபின்னும் பிள்ளைகள் கையில் அந்தப் புத்தகத்தை ஊக்க நூலாகக் கொடுப்பதற்குக் காரணமே கிடையாது. முள்ளிவாய்க்காலை இனப்படுகொலை என்று உலகம் ஏற்க வேண்டும் எனக் கேட்கிற தமிழர்களாகிய நாம், இதில் மற்றவர்களைவிடக் கூடுதல் அக்கறை காட்ட வேண்டியவர்கள்.

நாடிழந்தவர்கள் இன்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். 2021-இல் அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. புது வீடுகளும் கட்டிக் கொடுக்கிறது. முகாம் ஆண்களில் ஏராளமானோருக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் பிழைப்பு. விடிந்ததும் உருளையும் பிரஷும் வாளியுமாகக் கிளம்பி, ஊராரின் புதுவீட்டுச் சுவருக்குப் பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புகிறார்கள். இங்கேயே பிறந்து இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகளும் அந்த வேலைக்குப் போகிறார்கள், கம்பெனிகள் கேட்கிற குடியுரிமைச் சான்று கையில் இல்லாததால். 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. 2019-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைக் குறிப்பிடுகிறது. இலங்கை அதில் இல்லை.

(தொடரும்)