காவிரிக் கழிமுகத்தின் வரலாற்று ஊர்களும் கடற்கரை நகரங்களும்

காவிரிக் கழிமுகத்தின் வரலாற்று ஊர்கள் எனப்படுபவை, தமிழ்நாட்டின் தஞ்சாவூர், அரியலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலிலும் அமைந்துள்ள பழைய கோயில் ஊர்களும் துறைமுக நகரங்களும் ஆகும். உள்நாட்டு ஊர்கள் ஆற்றுப் பாசனத்தாலும் கரையோர ஊர்கள் கடல் வணிகத்தாலும் வளர்ந்தன. இக்கட்டுரை திருப்பனந்தாளில் தொடங்கிக் கடற்கரை வழியாக நாகப்பட்டினம் வரை செல்லும் பயணத் தடத்தில் காணத்தக்க இடங்களையும், அவற்றுள் அழிந்தவற்றையும் விவரிக்கின்றது.

திருப்பனந்தாள்

திருப்பனந்தாள், தஞ்சாவூர் மாவட்டம் திருவிடைமருதூர் வட்டத்தில் உள்ள பேரூராட்சி. கும்பகோணத்திலிருந்து சென்னை செல்லும் சாலையில் அமைந்துள்ளது. இங்குள்ள செஞ்சடையப்பர் கோயில் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்றது. தல மரம் பனை. தாடகை என்னும் அடியவர் (இராமாயணத் தாடகை அல்லர்) மாலை சூட்ட முடியாமல் தவித்தபோது இறைவன் திருமுடி சாய்த்தார் என்பது தலபுராணம். யானைகளாலும் நிமிர்த்த இயலாத இலிங்கத்தைக் குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிறு பூட்டி இழுத்து நிமிர்த்தியதாகப் பெரியபுராணம் கூறுகின்றது. கலயனார் கடற்கரையை ஒட்டிய திருக்கடவூரைச் சேர்ந்தவர். எனவே கடற்கரைக்கும் இவ்வூருக்கும் இடையிலான வழி இன்றைய சுற்றுலாத் தடங்களை விட மிகப் பழையது.

17 ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசியில் நிறுவிய மடத்தின் தலைமையிடம் 1720 இல் இவ்வூருக்கு மாற்றப்பட்டது. காசித் திருமடம் என்று அழைக்கப்படும் இது தமிழ் நூற்பதிப்பிலும் கல்விப் பணியிலும் ஈடுபட்டு வருகின்றது.

அணைக்கரையும் கங்கைகொண்ட சோழபுரமும்

திருப்பனந்தாளுக்கு வடக்கே அதே சாலை கொள்ளிடத்தைக் கடக்கும் இடம் அணைக்கரை. இங்குள்ள கீழணை ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1836 இல் கட்டப்பட்டது. ஆற்றுக்கு அப்பால், அரியலூர் மாவட்டத்தில், முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் உள்ளது. சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த இவ்வூரில் இன்று கோயில் மட்டுமே பேரளவில் எஞ்சியுள்ளது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் அகழாய்வுகளில் வெளிப்பட்ட செங்கல் அடித்தளங்களைக் காணலாம்.

கீழணையைக் காண்பவர்கள் பெரும்பாலும் அறியாத செய்தி ஒன்றுண்டு. அணை கட்டுவதற்காக இக்கோயிலின் மதிற்சுவரும் சுற்றுக் கட்டடங்களும் பெயர்க்கப்பட்டுக் கற்கள் கொண்டுசெல்லப்பட்டன. எதிர்த்த ஊர்மக்களுக்குக் கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித்தருவதாக உறுதியளிக்கப்பட்டது என 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் குறிப்பொன்று தெரிவிக்கின்றது. வயல்களைக் காத்த அணையும் கோயிலை இழந்த மதிலும் ஒரே கற்களால் ஆனவை. இக்கோயிலும், கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலும் 2004 இல் உலகப் பாரம்பரியக் களங்களாக அறிவிக்கப்பட்டன.

பூம்புகார்

இங்கிருந்து கிழக்கே மயிலாடுதுறை வழியாகக் கடற்கரையை அடையலாம். காவிரி கடலில் கலக்கும் இடம் பூம்புகார். சங்க காலத் துறைமுகமாகிய காவிரிப்பூம்பட்டினம் இதுவே. பெரிய ஆறொன்றின் முகத்துவாரத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாற்றமடைவர். நீரின் பெரும்பகுதி பாசனத்திற்குப் பிரிந்தபின் இங்கு எஞ்சுவது சிறு ஓடையே.

அருகிலுள்ள கீழையூரில் மரக்கம்பங்களுடன் கூடிய செங்கற் படகுத்துறை அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் காலம் கி.மு. 3 ஆம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டுள்ளது. பல்லவனேச்சரத்தில் பௌத்த விகாரையின் அடித்தளம் உள்ளது. கடலடியிலும் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. சிலப்பதிகாரக் காட்சிகளைக் கொண்ட கலைக்கூடம் 1973 இல் திறக்கப்பட்டது.

இத்தாலியின் இரவென்னாவுடன் இதனை ஒப்பிடலாம். உரோமானியக் கடற்படைத் தளமாக இருந்த அந்நகரம், ஆற்று வண்டல் படிந்ததால் இன்று கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே உள்ளது. அங்கு கடல் பின்வாங்கியது. இங்கு கரை அரிக்கப்படுகின்றது.

தரங்கம்பாடி

பூம்புகாருக்குத் தெற்கே உள்ள தரங்கம்பாடியில் 1306 ஆம் ஆண்டில் பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் மாசிலாமணிநாதர் கோயில் எழுந்தது. அக்காலக் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்று குறிப்பிடுகின்றது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய பகுதியைக் காக்க அலைத்தடுப்புக் கற்கள் போடப்பட்டுள்ளன.

1620 இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியர்களுக்கு இங்கு வணிக உரிமை அளித்தார். அவர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறித்தியானுக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் கோப்பன்கேகனில் பாதுகாக்கப்படுகின்றது. டேனியர் கட்டிய தான்சுபோர்க் கோட்டையில் இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் செயற்படுகின்றது.

தமிழ் மாணவர்களுக்கு இவ்வூர் முதன்மையாக அச்சு வரலாற்றுக்கு உரியது. 1706 இல் இங்கு வந்திறங்கிய செருமானிய சமயப் பணியாளர் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் அமைத்து, 1715 இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அச்சுக்குத் தேவையான காகிதம் செய்ய அருகிலுள்ள பொறையாற்றில் ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. ஆலை மறைந்துவிட்டது, அவ்விடத்தின் பெயராகக் கடுதாசிப்பட்டறை என்பது இன்றும் வழங்குகின்றது. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே (1718) அடக்கம் செய்யப்பட்டார்.

1845 இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்திலுள்ள சேராம்பூரையும் சேர்த்து 12.5 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றனர்.

காரைக்காலும் நாகப்பட்டினமும்

தெற்கே அடுத்துவரும் காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரரின் குடியேற்றமாக இருந்தது. காரைக்கால் அம்மையாரின் ஊரான இங்கு மாங்கனித் திருவிழா புகழ்பெற்றது. நாகூர் தர்காவின் ஐந்து மினார்களுள் மிக உயரமானதைத் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங்கு கட்டுவித்தார்.

நாகப்பட்டினத்தில் முதலாம் இராசராசன் காலத்தில் சிறீவிசய மன்னர் சூடாமணி விகாரையை எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாய் அளிக்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. பௌத்தக் கட்டடங்களுள் கடைசியாக நின்ற செங்கற் கோபுரம் 1867 இல் இடிக்கப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் கிடைத்த சுமார் 350 பௌத்தப் படிமங்கள் பல அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய இந்நகரம் 1781 இல் ஆங்கிலேயர் வசமானது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில், அன்று தரங்கம்பாடியும் பூம்புகாரும் உள்ளடங்கிய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடற்கரையில் காணும் நினைவிடங்களும் மீனவர் குடியிருப்புகளும் இதன் சுவடுகள். இவற்றைக் காட்சிப்பொருளாகக் கருதி நிழற்படம் எடுப்பதைத் தவிர்ப்பது நன்று.

பயணம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால் சனவரி, பெப்ரவரி மாதங்கள் பயணத்திற்கு ஏற்றவை. கோயில்கள் பொதுவாக நண்பகல் முதல் மாலை 4 மணி வரை நடை சாத்தப்பட்டிருக்கும். கும்பகோணம், மயிலாடுதுறை, காரைக்கால், நாகப்பட்டினம் ஆகியவற்றில் தொடருந்து நிலையங்கள் உள்ளன. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 இல் தொடங்கிய இருப்புப்பாதைச் சேவை 1986 இல் நிறுத்தப்பட்டதால், அங்கு செல்லப் பேருந்தையே நம்ப வேண்டும்.