1920-களில் விருதுநகர் – சிவகாசி வட்டாரம்: அரசியலும் சமூக மாற்றமும்

முதல் உலகப்போரின் முடிவுக்கும் 1929 அக்டோபர் பங்குச்சந்தைச் சரிவுக்கும் இடைப்பட்ட பத்தாண்டை அமெரிக்க வரலாற்றில் 'ஜாஸ் காலம்' என்பர். 1920-இல் அங்கு பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது. வானொலியும் மோட்டார் வண்டியும் பரவின. கறுப்பின மக்களின் இசையை நாடே ரசித்தது. ஆனால் அவர்கள் தென்மாநிலங்களில் ரயிலிலும் டிராமிலும் தனி இடத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது.

அதே பத்தாண்டில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் கரிசல் பகுதியிலும் பெரிய மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒரு சமூகம் தனக்குப் போராடிப் பெற்ற மரியாதையைத் தனக்குக் கீழே வைக்கப்பட்டவர்களுக்கும் தருமா என்பதே அக்காலத்தின் மையக் கேள்வி.

பின்னணி

19-ஆம் நூற்றாண்டில் நாடார்களுக்குக் கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்தது. இந்த உரிமைப் பூசல் 1899-இல் சிவகாசிக் கலவரமாக வெடித்தது. கமுதி கோயில் வழக்கிலும் 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

வழக்கு மன்றம் கைவிட்ட நிலையில் சொந்த அமைப்புகளே அவர்களுக்குத் துணையாயின. வணிகர்கள் தம் வியாபாரத்தில் ஒரு பங்கை 'மகமை' என்ற பொதுநிதிக்குச் செலுத்தினர். அந்நிதி பள்ளிகளுக்கும் பொதுக்காரியங்களுக்கும் பயன்பட்டது. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை இவ்வகையில் வளர்ந்ததே. 1910-இல் நாடார் மகாஜன சங்கமும், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் தோன்றின. 'நாடார்' என்ற பெயரை அரசு 1921-இல் ஏற்றது. 1923-இல் விருதுப்பட்டி 'விருதுநகர்' ஆனது.

தீப்பெட்டித் தொழில்

மழை குறைந்த சிவகாசிக்கு வேளாண்மை போதவில்லை. 1922-இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி உயர்ந்தது உள்நாட்டுத் தொழிலுக்கு வழிவிட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர்.

அதே 1923-இல் சுவீடன் நிறுவனமும் 'விம்கோ' என்ற பெயரில் இந்தியாவுக்குள் வந்தது. அதன் தலைவர் ஈவார் குரூகர் அமெரிக்க முதலீட்டாளர்களிடம் பெரும்பணம் திரட்டியவர். ஜாஸ் காலத்து நியூயார்க் பணம் இவ்வாறு சிவகாசிக்கு எதிர்ப்போட்டியாக வந்து நின்றது. இயந்திரத்தோடு போட்டியிட்ட சிவகாசியின் பலம் கைவேலையும் குறைந்த கூலியும்தான். பிற்காலத்தில் வளர்ந்த பட்டாசுத் தொழிலும் இந்த அடித்தளத்தின் மீது எழுந்ததே.

அரசியல்

1920 தேர்தலில் நீதிக்கட்சி சென்னை மாகாண ஆட்சிக்கு வந்தது. 1921-இல் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்குச் சென்னைச் சட்டசபை வாக்குரிமை வழங்கியது. நாடார் வணிகர் பலர் நீதிக்கட்சியை ஆதரித்தனர். 1903-இல் பிறந்த காமராசரோ மாமாவின் கடையில் வேலை பார்த்த இளம்வயதிலேயே காங்கிரஸ் தொண்டரானார். 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். 1925-இல் பெரியார் 'குடிஅரசு' இதழைத் தொடங்கியபின் சுயமரியாதை இயக்கமும் இங்கு வேரூன்றியது. அதன் மூன்றாவது மாகாண மாநாடு 1931-இல் விருதுநகரில் நடைபெற்றது.

பேருந்தும் திருமணமும்

இப்பகுதியில் அக்காலத்துத் தனியார் பேருந்துகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தன. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராயிருந்த பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். அமெரிக்காவின் மான்ட்காமரி நகரில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தது 1955-இல். அங்கு மக்கள் ஓராண்டுக்கும் மேல் பேருந்தைப் புறக்கணித்துப் போராட வேண்டியிருந்தது. இங்கு உத்தரவு மேலிருந்து வந்தது. ஆனால் அதைப் பிறப்பித்தவர், ஒரு தலைமுறைக்கு முன் கோயில் வாசலில் தடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1928 மே மாதம் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தம் கிராமத்தில், புரோகிதர் இல்லாத முதல் சுயமரியாதைத் திருமணம் பெரியார் தலைமையில் நடந்தது. இத்தகைய திருமணங்களுக்குச் சட்டத் தகுதி 1967-இல் அண்ணா ஆட்சியில்தான் கிடைத்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள் இம்முறையில் மணந்தவர்கள், சட்டப் பாதுகாப்பு இல்லை என்று அறிந்தே மணந்தார்கள்.

மதிப்பீடு

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்ற குழுவில், ஆதிதிராவிடர்களுடன் விருதுநகரைச் சேர்ந்த நாடார் ஒருவரும் இருந்தார். தனித்தனியே தடுக்கப்பட்டவர்கள் அன்று ஒன்றாக நுழைந்தனர்.

ஆயினும் இவ்வரலாற்றில் பெருமை மட்டும் இல்லை. மகமைப் பணத்தில் பள்ளிகள் எழுந்த இதே மண்ணில், தீப்பெட்டி ஆலைகளின் குறைந்த கூலி ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தபோதும் நாட்டின் கவனம் சிவகாசியின் மீது விழுந்தது. 1920-கள் எழுப்பிய கேள்விக்குப் பேருந்திலும் கோயிலிலும் கிடைத்த விடை, ஆலைக்குள் சென்று சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.