கடல்பாசியும் ஜெலட்டினும்



ரமளானில் மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் நோன்புக் கஞ்சியோடு கடல்பாசியும் விரிப்புக்கு வருவதை அறிவீர்கள். பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவைத்துத் துண்டு போடும் அப்பண்டத்தில் மார்க்க ஐயம் எழுந்ததில்லை. அது கடல் தந்த தாவரம். முன்னர் அது பெரிதும் ஜப்பானிலிருந்தே உலகெங்கும் சென்றது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றபோது பிற நாடுகள் தத்தம் கடல்களில் பாசியைத் தேடின. மன்னார் வளைகுடாவின் மரிக்கொழுந்துப் பாசியை இராமநாதபுரக் கடற்கரைப் பெண்கள் 1960களிலிருந்து மூழ்கிச் சேகரித்து வருகின்றனர். மதுரை ஆலைகளில் அது காய்ச்சப்படுகிறது. (கடைக்காரர் 'சைனா கிராஸ்' என்பார். அது சீனப் பொருளும் அன்று, புல்லும் அன்று!)

ஜெலட்டினின் வரலாறு வேறு. பாரிசில் 1834இல் அதனால் மருந்துக் கேப்சூல் செய்ய உரிமம் பெறப்பட்டது. பின்னர் மிட்டாய், மார்ஷ்மெல்லோ, ஜெல்லி என்று அது பரவியது. ஐரோப்பாவில் அதற்குப் பன்றித்தோலே முதன்மை மூலம். இந்தியாவில் பெரும்பாலும் மாடு, எருமைகளின் எலும்பு. எலும்பை நொறுக்கி, அமிலத்தில் சுண்ணச்சத்தை நீக்கி, வாரக்கணக்கில் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, வெந்நீரில் வடிக்கின்றனர். அறுக்கப்பட்ட பிராணியின் எலும்பா, செத்ததன் எலும்பா என்று பொட்டலம் சொல்வதில்லை.

இங்குதான் நம் தாமிரபரணிச் சீமையில் ஒரு தனிச் சிக்கல். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் மிகுதி; உள்நாட்டில் ஹனஃபிகள். எலும்பில் உயிர் இல்லை, ஆகவே பன்றி நீங்கலாகச் செத்த பிராணியின் எலும்பும் நஜீஸ் ஆகாது என்பது ஹனஃபி சட்டம். ஷாஃபிஈ சட்டத்தில் அது நஜீஸ். சம்பந்தம் செய்துகொண்ட இரு வீடுகளில் ஒரே கேப்சூலுக்கு இரு விடைகள்! தூய்மையானது எல்லாம் உண்ணத்தக்கதாகிவிடுமா என்பதில் ஹனஃபி அறிஞர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு.

1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பன்றி ஜெலட்டின் கூடாது. தாவரங்களும் ஷரீஅத் முறைப்படி அறுக்கப்பட்ட பிராணிகளும் போதுமானவை என்று தீர்மானித்தது. 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பின் கருத்தரங்கோ, பொருள் முற்றிலும் மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்னும் 'இஸ்திஹாலா' அடிப்படையில் அனுமதி அளித்தது. இவ்வனுமதியைத் தயங்காமல் ஏற்க என்னால் இயலவில்லை. ஹலாலுக்கும் ஹராமுக்கும் இடையே ஐயத்திற்குரியவை உண்டு; அவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொண்டார் என்னும் கருத்தில் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி உள்ளதே! உயிர் காக்கும் மருந்தின் நிலை வேறு. அதை ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேளுங்கள். தாவர உறையிட்ட கேப்சூல்களும் இன்று உண்டு.

2001 முதல் இந்தியாவில் உணவுப் பொட்டலங்களில் அசைவக் குறி கட்டாயம். ஆனால் எந்தப் பிராணி என்பதை அக்குறி சொல்லாது.

இல்லத்தரசிகளுக்கு ஓர் அடையாளம்: பத்துக் கிராம் கடல்பாசி ஒரு லிட்டர் பாலைக் குளிர்பெட்டி இன்றியே உறையவைக்கும், நம் நெல்லை வெயிலிலும் உருகாது. தட்டில் வைத்த சிறிது நேரத்தில் நீராய் ஓடும் ஜெல்லி, பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது.