அணிக்கு ஆளா, படைக்கு அதிகாரியா? இராணுவக் கல்விக்கழகச் சேர்க்கையில் விளையாட்டின் இடம்

மூவாரில் ஓட்டத்திலோ ஹாக்கியிலோ தேறிய ஓர் இடைநிலைப்பள்ளி மாணவருக்கு அரசு காட்டும் வழிகள் இரண்டு. ஒன்று, ஜொகூரின் கிழக்குக் கரையில் பண்டார் பெனாவாரிலுள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி. அது கல்வி அமைச்சின் பொறுப்பு. மற்றது, சுங்கை பெசியிலுள்ள அரச இராணுவக் கல்லூரி. அது தற்காப்பு அமைச்சின் பொறுப்பு. 1952-இல் ஜெனரல் டெம்ப்ளரின் முயற்சியால் போர்ட்டிக்சனில் தொடங்கி 1961-இல் சுங்கை பெசிக்கு இடம்பெயர்ந்த அக்கல்லூரி, நாளைய அதிகாரிகளையும் நிர்வாகிகளையும் உருவாக்க எழுந்தது; பதக்கம் வாங்கித் தர எழுந்ததன்று. அதே வேளையில் 2012-இல் பிரிமியர் லீக் பட்டம் வென்று அவ்வாண்டே மலேசியக் கிண்ண இறுதியாட்டம் வரை போன ஆயுதப்படைக் காற்பந்து அணியும் இந்நாட்டுக்கு உண்டு. ஆக, படைக்கு விளையாட்டு வேண்டும். விளையாட்டு வீரரும் வேண்டும். அவரை எந்தப் படிநிலையில் உள்ளே அழைப்பது என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. அதிகாரிகளை உருவாக்கும் கல்விக்கழகம் விளையாட்டை ஒருவரின் பண்புக்குச் சான்றாக எடைபோடலாம், ஆனால் தன் அணியின் காலியிடத்தை நிரப்ப ஆள் பிடிக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆள் பிடிப்பது வெளிப்படையாகவே நடக்கும் இடம் அமெரிக்கா. வெஸ்ட் பாயின்ட் தரைப்படைக் கல்விக்கழகம், அனாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகம், கொலராடோவிலுள்ள வான்படைக் கல்விக்கழகம் ஆகிய மூன்றும் நாட்டின் முதல்நிலைக் கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில் பங்கேற்பவை. 1890-இல் தொடங்கிய தரைப்படை–கடற்படை அமெரிக்கக் காற்பந்தாட்டம் அங்கு ஏறத்தாழ ஒரு தேசியச் சடங்கு. இக்கல்விக்கழகங்களில் கட்டணம் கிடையாது; பட்டம் பெற்றவர் குறைந்தது ஐந்தாண்டு பணிக்கடன் தீர்க்க வேண்டும். சேர்வதற்குப் பெரும்பாலும் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பரிந்துரை வேண்டும்; ஓர் உறுப்பினர் பெயரில் ஒரு நேரத்தில் ஒரு கல்விக்கழகத்தில் ஐவர் வரையே படிக்க முடியும். வெஸ்ட் பாயின்ட் தன் விண்ணப்பதாரரை எடைபோடும் முறையில் கல்விக்கு 60 விழுக்காடு, தலைமைப்பண்புக்கு 30, உடல்தகுதிக்கு 10 என்ற பங்கீடு உண்டு. பள்ளி அணித்தலைவராக இருந்தது அந்த முப்பதுக்குள் வரும். இதுவரை குறை சொல்ல ஏதுமில்லை. சிக்கல் அடுத்த படியில் எழுகிறது. பயிற்றுநர் ஒருவர் தம் அணிக்கு வேண்டியவரைக் குறித்துக் கொடுக்கிறார். மதிப்பெண் போதாதவர் ஆயத்தப் பள்ளி ஒன்றில் அரசுச் செலவில் ஓராண்டு படித்துவிட்டு உள்ளே வருகிறார். அனாபொலிஸில் ஆங்கிலப் பேராசிரியராகவும் சேர்க்கைக் குழு உறுப்பினராகவும் இருந்த புரூஸ் ஃபிளெமிங் இந்த ஏற்பாட்டைப் பல ஆண்டுகள் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். அவருடைய குரலில் கசப்பு மிகுதிதான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை. இருக்கைகள் எண்ணி வைக்கப்பட்ட இடத்தில், அணிக்காக உள்ளே வந்தவர் யாருடைய இருக்கையில் அமர்கிறார்?

இந்த முரண் பட்டமளிப்பு நாளில் இன்னும் வெளிச்சமாகிறது. தொழில்முறை அணிகள் விலைபேசும் அளவுக்குத் திறமை வாய்ந்தவர் பட்டம் பெற்றதும் படைக்குப் போவதா, ஆடுகளத்துக்குப் போவதா? 2016-இல் பணியைத் தள்ளிப்போட வழி விடப்பட்டது. 2017-இல் தற்காப்பு அமைச்சர் மேட்டிஸ் அதை மூடினார். 2019-இல் அதிபர் டிரம்ப்பின் விருப்பப்படி மீண்டும் திறந்தார்கள். பின்னர் நாடாளுமன்றமே தலையிட்டு, பணிக்கடன் தீருமுன் தொழில்முறை ஆட்டக்காரராக வேலைக்குப் போகக் கூடாது என்று சட்டமாக்கியது. அப்போதும், முன்பே சேர்ந்திருந்தவர்களுக்கு விலக்கு அளிக்க நேர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் ஒரு கொள்கை இத்தனை முறை புரண்டதற்கு அமைச்சர்களின் மனப்போக்கை மட்டும் காரணம் காட்டுவது போதாது. நிறுவனம் ஒரே ஆளை இரண்டு நோக்கங்களுக்காகச் சேர்த்துக்கொண்டது. இரண்டும் ஒரே நாளில் அவரைக் கேட்டபோது எதை விட்டுக்கொடுப்பது என்று அதற்கே தெரியவில்லை.

இந்தியா இதற்கு நேர் எதிரான வழியைப் பிடித்தது. புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் சேர, மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300, பொதுத்திறனுக்கு 600 என 900 மதிப்பெண். அதில் தேறியவர்க்குத் தேர்வு வாரியம் நடத்தும் ஐந்து நாள் சோதனைக்கு இன்னொரு 900. விளையாட்டு ஒதுக்கீடு இல்லை. தேர்வு வாரிய முறையின் வேர் இங்கு நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டன், பள்ளிப் பெயரையும் குடும்பப் பின்னணியையும் பார்த்துச் சிறு நேர்முகத்தில் பொறுக்கிய ஆட்களில் பலர் அதிகாரிப் பயிற்சியில் தோற்றுத் திரும்பியதைக் கண்டது. அதன் பின்னரே 1942-இல் உளவியல் சோதனை, குழுப்பணி, நேர்முகம் மூன்றையும் இணைத்த தேர்வு வாரியங்கள் வந்தன; அடுத்த ஆண்டே இந்தியாவிலும் அவை தொடங்கின. வாட்டர்லூ வெற்றி ஈட்டன் பள்ளி மைதானத்தில் விளைந்தது என்று வெலிங்டன் சொன்னதாக ஊர் முழுதும் பேசினாலும் அவர் காலத்துச் சான்று அதற்கு இல்லை. அப்பேச்சை நம்பி ஆள் எடுப்பதைப் போரே கைவிட வைத்தது. இன்றும் வாரியத்தின் வினாப்படிவம் விண்ணப்பதாரர் எந்த விளையாட்டில் எந்த மட்டம் வரை ஆடினார் என்று கேட்கிறது. அந்தப் பதில் நேர்முகத்தில் அவரைத் துருவ உதவும். கதவைத் திறக்கும் சாவியாக அது இல்லை.

ஆனால் இந்தியப் படை விளையாட்டு வீரரைத் தேடுவதில் அமெரிக்காவுக்குச் சளைத்ததன்று. தேடும் இடம்தான் வேறு. இந்திய விளையாட்டு ஆணையத்துடன் சேர்ந்து படை நடத்தும் சிறுவர் விளையாட்டுக் கம்பெனிகள் எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளை எடுத்து வளர்த்து, பதினேழரை வயதானதும் படைவீரராகச் சேர்க்கின்றன. 2001-இல் புனேயில் தரைப்படை விளையாட்டு நிறுவனம் ஒலிம்பிக்கைக் குறிவைத்தே தொடங்கப்பட்டது. ஈட்டி எறிதலில் டோக்கியோவில் தங்கம் வென்ற நீரஜ் சோப்ரா 2016-இல் நேரடியாக நாயிப் சுபேதாராகச் சேர்க்கப்பட்டவர். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் பெற்ற லால்குடிப் பகுதி ஆரோக்கிய ராஜீவும் தரைப்படை வீரரே. இந்த ஏற்பாடு அதிகாரித் தேர்வைத் தூய்மையாக வைத்திருக்கிறது, பதக்கமும் தருகிறது. ஆனால் இதற்குள் ஒரு பழைய வர்க்கக்கோடு ஒளிந்திருக்கிறது. கையும் காலும் திறமையாக இயங்குபவர் கீழ்த்தளத்துக்கு, எழுத்துத் தேர்வில் தேறுபவர் மேல்தளத்துக்கு. உலகமே பாராட்டும் வெற்றிக்குப் பிறகு, கௌரவப் பதவி ஒன்றைச் சூட்டி அந்தக் கோட்டை மறைக்கிறார்கள். 2025-இல் சோப்ராவுக்குப் பிரதேசப் படையில் கிடைத்த லெப்டினன்ட் கர்னல் பட்டம் அப்படிப்பட்டது. அது மரியாதை, ஐயமில்லை. ஒரு பட்டாலியனை நடத்தும் பொறுப்பு அதனோடு வருவதில்லை.

இவ்வளவுக்கும் எதிராக எழும் முதல் மறுப்பு வலுவானது: அணி விளையாட்டு போர்க்களத் தலைமைக்கு நெருங்கிய பயிற்சி, எனவே சிறந்த ஆட்டக்காரரைத் தேடுவதே சிறந்த அதிகாரியைத் தேடுவதாகும் என்பார்கள். ரோஜர் ஸ்டாபாக் இதற்கு நல்ல சாட்சி. 1963-இல் கல்லூரிக் காற்பந்தின் உச்சவிருதான ஹைஸ்மன் கோப்பையை வென்று, 1965-இல் அனாபொலிஸில் பட்டம் பெற்று, வியட்நாமில் பணியாற்றி, அதன்பின் 1969-இல்தான் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். ஆள் பிடித்ததால் நாடு ஏமாறவில்லை என்பதற்கு அவரைக் காட்டுவது நியாயமே. ஆனால் எதிர்ப்பக்கச் சாட்சிகளையும் அழைக்க வேண்டும். அனாபொலிஸின் இன்னொரு புகழ்பெற்ற பெயரான டேவிட் ராபின்சன் கூடைப்பந்துக்காகத் துரத்திப் பிடிக்கப்பட்டவரல்லர். உயர்நிலைப்பள்ளியில் அந்த ஆட்டத்தையே பிந்திக் கற்றவர், படிப்பில் நல்ல மதிப்பெண்ணோடு வந்தவர். உள்ளே வந்தபின் ஏழடி வரை வளர்ந்துவிட்டார். கப்பற்பணிக்கு உயரம் ஒவ்வாததால் இரண்டாண்டு மட்டும் கரையில் பணி செய்து விடுபட்டார். இந்தியாவில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் பயின்று அதிகாரியானபின் துப்பாக்கிச் சுடுதலைக் கற்று 2004-இல் ஏதென்ஸில் வெள்ளி வென்றார். ஓட்டக்காரர் மில்கா சிங்கின் கதை இன்னும் தெளிவு: படையில் சேர முயன்று பலமுறை திருப்பி அனுப்பப்பட்டவர், சேர்ந்தபின் கட்டாய ஓட்டம் ஒன்றில்தான் அவரது கால்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பயிற்சி தருவதும் எல்லோரையும் களத்தில் இறக்குவதும் படையின் வேலை என்பதைத்தான் இவை காட்டுகின்றன. முதல் உலகப்போருக்குப் பின் வெஸ்ட் பாயின்டின் தலைவராக இருந்த மக்ஆர்தர், ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஓர் ஆட்டம் ஆடியாக வேண்டும் என்று விதித்ததும் இந்த எண்ணத்தில்தான். விளையாட்டு தலைமையை வளர்க்கிறது என்றால் அந்த வாய்ப்பு எல்லாப் பயிற்சியாளருக்கும் சேர வேண்டியது. முன்பே தேர்ந்த இருபது பேரை வெளியிலிருந்து கொண்டுவருவதற்கு அது காரணமாகாது.

இரண்டாவது மறுப்பு நம் மக்களைத் தொடுவது. எழுத்துத் தேர்வை மட்டும் நம்பினால் டியூஷனுக்குக் காசு உள்ள வீட்டுப் பிள்ளைகள் முந்துவார்கள். தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு ஓட்டப்பாதை ஒன்றுதான் சமதரை, அதையும் எண்ணாமல் விடலாமா என்று கேட்கலாம். கேள்வி சரி. ஓட்டத்துக்கும் காற்பந்துக்கும் அது பொருந்தும். படகோட்டம், வாள்வீச்சு, நீச்சல் என்று வந்தால் செலவு டியூஷனையும் விஞ்சும். அணித் தேவைக்காக ஆள் எடுக்கும் கல்விக்கழகம் இந்த ஆட்டங்களுக்கும் எடுக்கிறது. ஆகவே ‘விளையாட்டு ஏழைக்கு வழி’ என்பது பாதி உண்மைதான். இங்கே மலேசியாவில் எஸ்.பி.எம். எழுதிய பிள்ளைகளின் எந்தப் பெற்றோருக்கும் தெரிந்த ஏற்பாடு ஒன்று உண்டு: அரசாங்க உயர்கல்விக் கழகங்களுக்கான தகுதிக் கணக்கில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10. அந்தப் பத்தின் மதிப்பீட்டில் குறைகள் இல்லாமல் இல்லை. பள்ளிக்குப் பள்ளி ஆசிரியரின் கை தாராளம் மாறும். என்றாலும் அளவு சிறியது, முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, எல்லோருக்கும் ஒன்று. ஒரு பயிற்றுநர் ஒருவரைக் கைகாட்டி அதைப் பெருக்க முடியாது. சுங்கை பெசியிலுள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகமோ அரச இராணுவக் கல்லூரியோ விளையாட்டுக்கு இடம் கொடுப்பதானால், அந்த இடம் இப்படி எண்ணில் எழுதப்பட்டு வெளியிடப்பட்டதாக இருக்க வேண்டும். யார் எந்த அணிக்கு வேண்டும் என்ற பட்டியலை அந்தக் கணக்கு அறியவே கூடாது.

எஞ்சுவது இந்தியாவில் கீழ்த்தளத்தில் சேர்ந்த வீரரின் ஏற்றம். ஹாக்கி வீரர் தயான் சந்த் 1922-இல் சிப்பாயாகச் சேர்ந்து மேஜராக 1956-இல் ஓய்வுபெற்றார். அது விதிவிலக்கு, விதியன்று. படையினர் அதிகாரியாவதற்கென்றே டேராடூனில் தரைப்படை கேடட் கல்லூரி இருக்கிறது. ஆனால் அதன் வயதுக் கதவு 20-க்கும் 27-க்கும் இடையில். ஓட்டக்காரருக்கும் எறிபவருக்கும் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளும் அவையே. நாட்டுக்காக ஓடுகிறவர் அந்த வயதில் பயிற்சி முகாமில் இருப்பார், வகுப்பறையில் இருக்க மாட்டார்; ஓடி முடித்து வகுப்பறைக்கு வரும்போது வயது கடந்திருக்கும். நாட்டைப் பிரதிநிதித்த ஆண்டுகளை வயது வரம்பிலிருந்து கழித்துக் கணக்கிட்டால் போதும். மதிப்பெண்ணைத் தளர்த்தவோ தேர்வு வாரியத்தைத் தவிர்க்கவோ தேவையில்லை. எல்லோரும் எழுதும் அதே தேர்வை அவர் முப்பது வயதில் எழுதுவார், அவ்வளவே. படைவீரரிடையே விளையாட்டணி வைத்திருக்கும் மலேசிய ஆயுதப்படைக்கும் இந்தத் திருத்தம் அதே அளவில் பொருந்தும்.